உங்கள் பிராண்டின் போலி ஆன்லைனில் விற்கிறதா? புகார் ஏற்கப்பட என்ன செய்ய வேண்டும்

நலங்கு மாவு, மூலிகை எண்ணெய், மசாலாத் தூள், கைத்தறிப் புடவை என்று சொந்தப் பெயரில் ஆன்லைனில் விற்று நல்ல ரேட்டிங் வாங்கியவர்களைத் தேடித்தான் போலிக்காரர்கள் வருகிறார்கள். போலியைப் பார்த்ததும் பலர் அந்த செல்லருக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். பிறகு தளத்தின் கஸ்டமர் கேருக்கு, "எங்கள் பொருளைக் காப்பியடிக்கிறார்கள், நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தால் எதுவும் நடக்காது. போன் போட்டதால் நஷ்டம்தான். உஷாரான செல்லர் லிஸ்டிங்கை எடுத்துவிட்டு வேறு கடைப் பெயரில் மறுபடி போடுவார், உங்கள் கையில் ஆதாரம் எதுவும் மிஞ்சாது.

புகாரைப் பார்க்கும் ஊழியருக்கு உங்கள் பொருளைப் பற்றித் தெரியாது. உங்களுடைய எந்த உரிமை, அது எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது, இந்த லிஸ்டிங்கில் அது எந்த இடத்தில் மீறப்பட்டிருக்கிறது என்றுதான் அவர் பார்ப்பார். இதற்கு ஒரே பக்கத்தில் பதில் சொல்லும் அளவுக்குத் தயாராக இருந்தால் போதும், பெரும்பாலான போலிகளை வக்கீல் இல்லாமலே இறக்கலாம்.

எந்த வகைப் போலி?

புகார்கள் தள்ளுபடியாக முதல் காரணம் வகையை மாற்றிப் போடுவது.

உங்கள் பெயரும் லேபிளும் இருந்து உள்ளே வேறு சரக்கு இருந்தால் அதுதான் அசலான போலி. இதற்கு ட்ரேட்மார்க் (பதிவு செய்த பிராண்ட் பெயர் அல்லது சின்னம்) புகாரில் 'கவுன்டர்ஃபீட்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயர் வேறு, படங்கள் மட்டும் உங்களுடையவை என்றால் ட்ரேட்மார்க் புகார் நிற்காது, ஏனென்றால் அங்கே உங்கள் மார்க்கே இல்லை. இதற்குக் காப்பிரைட் புகார் போடுங்கள். புகைப்படத்துக்குக் காப்பிரைட் எடுத்த கணமே பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே போதுமான ஆதாரம். படத்தை வெளியாளை வைத்து எடுத்திருந்தால் உரிமையை எழுத்தில் மாற்றி வாங்குங்கள். அந்த எழுத்தில் காலமும் எல்லையும் குறிப்பிடாவிட்டால் 1957ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்று அது சுருங்கிவிடும்.

மூன்றாவது வகை, உங்கள் லிஸ்டிங் பக்கத்திலேயே இன்னொரு செல்லர் ஒட்டிக்கொள்வது. படம், ரேட்டிங், ரிவ்யூ எல்லாம் உங்களுடையவை, 'விற்பவர்' என்ற இடத்தில் மட்டும் வேறு பெயர் இருக்கும். 'லேட்ச்' செய்வது என்று செல்லர்கள் சொல்வது இதைத்தான். 'வி டிரெடிஷன்' என்ற துணி பிராண்டின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில், அந்த பிராண்டின் லிஸ்டிங்கில் மற்றவர்கள் இப்படி ஒட்டிக்கொள்ள ஃபிளிப்கார்ட் இடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் புகாரில் இந்த உத்தரவை ஒரு வரியில் சுட்டிக்காட்டலாம்.

நான்காவது, பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, பேக்கிங் நிறத்தை அப்படியே எடுப்பது. இதில் 'ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கிறது' என்று காட்ட வேண்டியிருப்பதால், தளங்கள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடும். இதற்கு ஆரம்பத்திலேயே வக்கீலைப் பாருங்கள்.

இன்னொன்று போலியே இல்லை. உங்கள் மொத்த வியாபாரியிடம் வாங்கிய அசல் சரக்கை யாரோ குறைந்த விலைக்கு விற்பது அது. சட்டப்படி கைமாறிய அசல் பொருளை மறுபடி விற்பது மீறல் ஆகாது என்று ட்ரேட்மார்க் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. சரக்கு கெட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோதான் விலக்கு. கோபத்தில் இதைக் 'கவுன்டர்ஃபீட்' என்று புகார் செய்தால் அந்தப் புகார் தோற்பதோடு நிற்காது. தவறான புகார்கள் சேர்ந்தால், புகார் செய்யும் வசதியையே தளம் உங்களிடமிருந்து எடுத்துவிடும்.

ட்ரேட்மார்க்: விண்ணப்பத்தில் நடக்கும் பிழைகள்

1999ஆம் ஆண்டு ட்ரேட்மார்க் சட்டத்தின்கீழ் பதிவு விண்ணப்பமான டிஎம்-ஏ படிவத்தை ஆன்லைனில் போட, தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. சோப்பும் கூந்தல் எண்ணெயும் 3ஆம் வகுப்பு, மசாலா 30, ஊறுகாய் 29, துணி 24, ஆடை 25, வெட் கிரைண்டர் 7. தவறான வகுப்பில் பதிவு செய்த மார்க்கை வைத்துக்கொண்டு போனால் தளம் ஏற்காது.

போடுவதற்கு முன் ஐபி இந்தியா இணையதளத்தின் பொதுத் தேடலில் ஒலி அடிப்படையிலும் தேடுங்கள். தமிழ்ப் பெயர்களில் இது முக்கியம். ழகரத்தை 'இசட் எச்' என்றும் 'எல்' என்றும் எழுதுவார்கள், நெடிலுக்கு ஓர் எழுத்தும் போடுவார்கள், இரண்டும் போடுவார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பலர் லோகோவை மட்டும் பதிவு செய்கிறார்கள். பெயரை வெறும் சொல்லாகப் பதிவு செய்வதே ஆன்லைன் வியாபாரத்துக்கு வலு, ஏனென்றால் லிஸ்டிங் தலைப்பில் வருவது எழுத்துதான், படம் அல்ல. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லுக்குப் போடுங்கள். லேபிளில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பிப்பது நல்லது. 'சுத்தமான', 'நாட்டு', ஊர்ப்பெயர் போன்றவற்றை மட்டும் வைத்த பெயர்களுக்கு 9ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும்.

பரிசோதனை அறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அதைத் தாண்டி பதிவகத்தின் ட்ரேட்மார்க் ஜர்னலில் வெளியானபின் 4 மாதம், மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான காலம். இந்தக் கட்டத்தில் பதிவகம் போலவே பெயர் வைத்துக்கொண்டு பணம் கேட்கும் தனியார் கடிதங்கள் வரும், கட்டிவிடாதீர்கள். பதிவு கிடைத்தால் அது விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதுவரை 'டிஎம்' குறியை மட்டும் போடுங்கள். பதிவாகாத மார்க்கில் வட்டத்துக்குள் ஆர் குறியைப் போடுவது சட்டமீறல். விண்ணப்ப நிலையிலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுவதும் ஆபத்து, ஆதாரமற்ற மிரட்டல் என்று எதிராளி 142ஆம் பிரிவில் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம்.

பிராண்ட் உரிமையாளர்கள் தங்கள் மார்க்கைத் தளத்தில் பதிந்துகொள்ளும் அமேசானின் பிராண்ட் ரெஜிஸ்ட்ரி இலவசம், நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தையும் ஏற்கிறது. இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, சரிபார்ப்புக் குறியீடு உங்களுக்கு வராது. ட்ரேட்மார்க் பதிவேட்டில் தொடர்புக்கு யார் பெயர் இருக்கிறதோ அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும். பெரும்பாலும் அது விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஏஜென்டின் முகவரி. அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டாவது, பொருளிலோ பேக்கிலோ பெயர் நிரந்தரமாக இருப்பதைக் காட்டும் நிஜப் படம் வேண்டும், கணினியில் பெயரை ஒட்டிய படத்தை நிராகரித்துவிடுவார்கள்.

புடவை, ஜமக்காளம், மல்லி போன்றவற்றில் புவிசார் குறியீடு தனி ஆயுதம். காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரை மல்லி, கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாமே பதிவானவை. ஆனால் சங்கத்தின் பெயரில் பதிவு இருப்பதால் மட்டும் ஒவ்வொரு நெசவாளரும் வழக்குப் போட முடியாது. 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதுவும் கிண்டியில்தான், கட்டணமும் பெரிதல்ல. இதைச் செய்யாமல் விடுவதால்தான் விசைத்தறிப் பாலியெஸ்டரைக் 'காஞ்சிபுரம்' என்று போட்டு விற்பவர்கள் தப்பிக்கிறார்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

போலி வருவதற்கு முன் பேக்கிங்கில் செய்ய வேண்டியது

போலிச் சரக்கில் அசல் லேபிளே ஒட்டியிருப்பது உண்டு. அச்சகத்தில் கூடுதலாக ஓட்டிய லேபிள், பழைய டிசைனின் மிச்சம், காயலான் கடைக்குப் போன காலி பாட்டில் ஆகியவைதான் வழி. சிவகாசியிலோ வேறெங்கோ அச்சடிக்கக் கொடுக்கும்போது, கூடுதல் தாள்களை எண்ணிக் கொடுக்க வேண்டும், பௌச் அச்சு சிலிண்டர் உங்களுடையது, டிசைன் கோப்பை வேறு யாருக்கும் தரக் கூடாது என்று ஆர்டர் கடிதத்திலேயே எழுதி கையெழுத்து வாங்குங்கள். டிசைன் மாற்றினால் பழைய லேபிளை வெட்டிப் போடுங்கள், எடைக்குப் போடாதீர்கள்.

பேட்ச் எண்ணில் ஓர் எழுத்தை எந்த வழியாக விற்ற சரக்கு என்பதற்கு ஒதுக்குங்கள். நேரடி விற்பனைக்கு ஒன்று, ஒவ்வொரு மொத்த வியாபாரிக்கும் ஒவ்வொன்று. அசல் சரக்கு கசிந்ததா, போலியா என்ற கேள்விக்கு இந்த ஓர் எழுத்து பதில் சொல்லும். ஒவ்வொரு அச்சு ஓட்டத்திலும் லேபிளில் சிறிய மாற்றம் ஒன்றைச் செய்து, வெளியே சொல்லாமல் உங்கள் பதிவேட்டில் மட்டும் குறியுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாட்டில் தனியே எடுத்து வையுங்கள், ஒப்பிட அதுதான் கைகொடுக்கும்.

எல்லா பேக்கிலும் ஒரே கியூஆர் கோடு அச்சடிப்பதில் பயன் இல்லை, லேபிளோடு அதுவும் நகலாகிவிடும். ஒவ்வொரு பேக்குக்கும் தனித்தனி எண் இருந்து, இரண்டாம் முறை ஸ்கேன் செய்தால் எச்சரிக்கை காட்ட வேண்டும். அமேசானின் டிரான்ஸ்பேரன்சி திட்டம் ஒவ்வொரு பேக்குக்கும் தனிக் குறியீடு என்ற அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு பேக்குக்கும் செலவு கூடும் என்பதால் அதிகம் விற்கும் பொருளுக்கு மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள்.

சோதனைக்கு வாங்குவது

இதுதான் மொத்த வேலையின் அஸ்திவாரம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஆர்டர் போடும் முன் லிஸ்டிங் பக்கத்தைப் பதிவு செய்யுங்கள். முகவரிப் பட்டை, தேதி, நேரம், விலை, செல்லர் பெயர், அமேசான் என்றால் அந்தப் பொருளுக்கான 10 எழுத்து கொண்ட ஏசின் எண் எல்லாம் தெரிய வேண்டும். செல்லர் பெயரைத் தட்டினால் வரும் விவரப் பக்கத்தையும் எடுங்கள். இணையக் காப்பகமான வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்தால், பின்னால் அழிக்கப்பட்டாலும் காட்டலாம்.

உங்கள் செல்லர் கணக்கோடு சம்பந்தமில்லாத கணக்கில், வீட்டு முகவரிக்கு, இரண்டு தனித்தனி ஆர்டராக வாங்குங்கள். பணத்தை முன்பே கட்டிவிடுங்கள், வங்கிப் பதிவும் ஆதாரமாகும். பார்சல் வந்ததும் கூரியர் ஒட்டுச்சீட்டில் தொடங்கி நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பிரிப்பதைப் படம் பிடியுங்கள். ஒன்றை மட்டும் பிரியுங்கள். மற்றொன்றைப் பார்சலோடு உறையிலிட்டு, ஒட்டி, தேதி போட்டு, இரண்டு பேர் கையெழுத்துடன் வையுங்கள். பணம் திரும்ப வாங்கலாமே என்று ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள், ஆதாரம் செல்லரிடமே போய்விடும்.

அசலையும் போலியையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோலும் தெரியும்படி எடுங்கள். முன் லேபிள், பின் லேபிள், மூடியின் உட்பக்கம், பாட்டில் அடியில் உள்ள அச்சு எண், சீல், தராசில் எடை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் வித்தியாசம் கிடைக்கும். சிறு தயாரிப்பாளரின் பாட்டிலில் பேட்ச் எண்ணும் தேதியும் இங்க்ஜெட் மெஷின் போட்ட சின்னப் புள்ளிகளாக, லேபிள் ஒட்டியபின் விழுந்திருக்கும், கொஞ்சம் கோணலாகக்கூட இருக்கும். போலியில் அந்த எண் லேபிளோடு சேர்ந்தே அச்சாகி, கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். அவர்கள் உங்கள் பாட்டில் ஒன்றை ஸ்கேன் செய்து அடித்ததால், எல்லாவற்றிலும் ஒரே பேட்ச் எண். இரண்டு பாட்டில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அடுத்து பில்லைப் பாருங்கள். 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்து எழுத்து பான் எண். ஜிஎஸ்டி தளத்தின் தேடலில் போட்டால் சட்டப்படியான பெயர் வரும். ஐந்து கடைப் பெயர்களுக்குப் பின்னால் ஒரே பான் இருப்பது இங்கேதான் வெளிப்படும். மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு செல்லருக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமலும் இருக்கலாம், 2023 அக்டோபர் முதல் அதற்கு அனுமதி உண்டு. அப்படியானால் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைப் பயன்படுத்துங்கள். பொருள் வாங்கிய நுகர்வோர் எழுத்தில் கேட்டால், செல்லரின் தலைமை அலுவலக முகவரி, கிளைகள், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தளம் தர வேண்டும். வாங்கியவர் பெயரில் கேளுங்கள், பிராண்ட் பெயரில் கேட்காதீர்கள்.

வழக்குவரை போகும் வாய்ப்பு இருந்தால், வீடியோ, ஸ்கிரீன்ஷாட் கோப்புகளை அன்றே நகலெடுத்து, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஷா-256 ஹேஷ் எண்ணைக் குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் எண் கேட்கப்படுகிறது.

புகாரை எழுதுவது

ஒவ்வொரு தளத்திலும் அறிவுசார் சொத்து மீறலுக்குத் தனிப் படிவம் அல்லது குறைதீர் அலுவலர் இருப்பார். கஸ்டமர் கேர் வழியாகப் போகாதீர்கள். ஒரு புகாரில் ஓர் உரிமை மட்டும். சந்தை எவ்வளவு கெட்டுவிட்டது, எத்தனை ஆண்டு உழைப்பு என்பதெல்லாம் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"வகுப்பு 3இல் இந்த எண்ணில் பதிவான சொல்மார்க்கின் உரிமையாளர் நாங்கள். கீழ்க்கண்ட லிஸ்டிங்கில், இந்தப் பெயருள்ள செல்லரிடம், இந்த ஆர்டர் எண்ணில், இந்தத் தேதியில் வாங்கிப் பார்த்தோம். வந்த இரண்டு பாட்டிலிலும் ஒரே பேட்ச் எண் உள்ளது. அந்த எண்ணில் நாங்கள் எதையும் தயாரிக்கவில்லை. மூடியில் எங்கள் சீல் இல்லை, எடை 18 கிராம் குறைவு. இந்தச் செல்லருக்கு நாங்களோ எங்கள் விநியோகஸ்தர்களோ சரக்கு தந்ததில்லை. ஒப்பீட்டுப் படங்கள் ஆறு, பதிவுச் சான்றிதழ் இணைப்பு."

காப்பிரைட் புகாரானால் உங்கள் மூலப் படத்தையும் அவர்கள் படத்தையும் ஜோடியாகக் கொடுங்கள். 2013ஆம் ஆண்டு காப்பிரைட் விதிகளின்படி முறையான புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தளம் அதை மறுபடி திறந்துவிடலாம். அந்த 21 நாளை வீணாக்கக் கூடாது.

தளம் மறுத்தால் காரணத்தைப் படித்து, அந்த ஒரு குறையை நிரப்பி மறுபடி போடுங்கள். அதே புகாரை அப்படியே பத்து முறை அனுப்பினால் தானாகவே தள்ளுபடியாகும். பதிலே இல்லையென்றால் தகவல் தொழில்நுட்ப விதிகளின்கீழ் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம். ஒரே செல்லர் திரும்பத் திரும்ப வந்தால், பழைய புகார் எண்களைப் பட்டியலிட்டு எழுதுங்கள். நீக்கப்பட்ட பொருளையே மறுபடி போடும் செல்லர்களின் பதிவைத் தளம் வைத்திருக்க முயல வேண்டும் என்று மேலே சொன்ன மின்வணிக விதிகளே கூறுகின்றன.

தளத்துக்கு வெளியே

ட்ரேட்மார்க் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகளில் போலி தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். ஆனால் வாரன்ட் இல்லாமல் சோதனையிட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அவரும் முதலில் ட்ரேட்மார்க் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு மறுநாளே குடோன் சோதனையை எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான். லேபிள் ஓவியத்தின் காப்பிரைட் இங்கே உதவும். காப்பிரைட் சட்டத்தின் 64ஆம் பிரிவில் எஸ்ஐ அந்தஸ்து அதிகாரியே வாரன்ட் இல்லாமல் கைப்பற்றலாம். 63ஆம் பிரிவுக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், அது ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. சரக்கோடு பயன்படும் ஓவியத்துக்குக் காப்பிரைட் பதிவுக் கட்டணம் ரூ.2,000, அதற்கு முன் ட்ரேட்மார்க் பதிவகத்தின் தேடல் சான்றிதழும் வாங்க வேண்டும்.

உணவு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை, கூந்தல் எண்ணெய், பொடி போன்ற அழகுசாதனம் என்றால் மருந்து ஆய்வாளர். போலியில் 14 இலக்க உணவு உரிம எண்ணோ, அழகுசாதனத் தயாரிப்பு உரிம எண்ணோ பொய்யாக இருக்கும், அல்லது உங்களுடையதாகவே இருக்கும். இந்தத் துறைகள் சரக்கை மாதிரி எடுத்துச் சோதிக்கும், அதனால் பல சமயம் போலீஸைவிட விரைவில் பலன் கிடைக்கும். உங்கள் பெயரில் போலி இணையதளம் போட்டுப் பணம் வசூலித்தால் ஏமாந்த வாடிக்கையாளரை உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

சிவில் வழக்கை நீங்கள் தொழில் செய்யும் ஊரிலேயே போடலாம் என்பது ட்ரேட்மார்க் சட்டத்தின் 134ஆம் பிரிவின் பெரிய வசதி, சூரத்திலோ டெல்லியிலோ உள்ள செல்லரைத் தேடி அங்கே அலைய வேண்டாம். செல்லர் யாரென்றே தெரியாதபோது 'அசோக் குமார்' என்ற கற்பனைப் பெயரில் பிரதிவாதியைக் குறித்து உத்தரவு வாங்கும் வழக்கம் நம் நீதிமன்றங்களில் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துக்குத் தனிப் பிரிவு இயங்குகிறது. அவசர இடைக்காலத் தடை கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும் என்பதால், தடை மனுவைச் சேர்த்தே வக்கீல்கள் தாக்கல் செய்கிறார்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு 'அவசரம்' என்றால் நீதிபதி கேள்வி கேட்பார், போலியை முதலில் பார்த்த தேதியைக் குறித்து வையுங்கள். போலி வெளிநாட்டிலிருந்து இறங்குகிறது என்று தெரிந்தால் 2007ஆம் ஆண்டு விதிகளின்கீழ் சுங்கத்துறையில் உங்கள் மார்க்கைப் பதியலாம். கட்டணம் ரூ.2,000.

லிஸ்டிங் இறங்கியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போலியை வாங்கியவர்கள் போட்ட ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்கள் உங்கள் பக்கத்திலேயே கிடக்கும். புகார் ஏற்கப்பட்ட மின்னஞ்சலோடு, ஒட்டிக்கொண்ட செல்லர் இருந்த தேதிகளைக் குறிப்பிட்டு அவற்றை நீக்கக் கேளுங்கள். தளம் எல்லாவற்றையும் நீக்காது. மிஞ்சியவற்றின் கீழே, அந்த பேட்ச் எண் எங்களுடையதல்ல, அசலை எப்படிப் பார்ப்பது என்று இரண்டு வரி பதில் போட்டு, பாட்டிலின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வரும் படங்களிலிருந்து அடுத்த போலி லிஸ்டிங் எங்கே ஓடுகிறது என்பதும் பல நேரம் தெரிந்துவிடும்.